பச்சையப்பன் விலை கேட்டார்

"எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று எழிலரசி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த சரண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். நெற்றியில் விபூதி, கழுத்தில் அடையாள அட்டை, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சாவு வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டான்.

"மேடம், நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்ல. ஃபைனல் பில் அனுப்பிட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து அப்ரூவல் வந்ததும் பாடியக் குடுத்துடுவோம்."

"அது புரியுது. பில்லு எவ்ளோன்னு கேக்குறேன்."

"அதான் மேடம், கேஷ்லெஸ்."

அதற்குமேல் அவனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அப்பா பச்சையப்பன் அன்று விடியற்காலையில் மாடியில் ஐசியுவில் இறந்துபோயிருந்தார். இப்போது மதியம் தாண்டிவிட்டது. அவர் கீழ்த்தளத்தில் ஒரு குளிர்ந்த அறையில் இருந்தார். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அவர் வெளியே வரமுடியும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாய்மாமன் கன்னியப்பன் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்றான்?"

"இன்னும் வரலையாம் மாமா."

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. நாலு மணிக்குள்ள ஊட்டாண்ட எடுத்துகினு போய்ட்டா பொழுதோட எடுத்துரலாம். இல்லாங்காட்டி நாளிக்கி சனி. சனிப்பொணம் தனியா போவாதுன்னு உங்கம்மா இப்பவே அழுதுகினு கீது."

"நானே கட்டிடுறேன், அப்பால இன்சூரன்ஸ்ல வாங்கிக்கறேன்னு சொல்லிப் பாக்குறேன் மாமா."

"எவ்ளோவாம்?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்கறாங்க."

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "உங்க நைனா இப்ப இங்க நின்னுகினு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பச்சையப்பன் விலை கேட்காமல் எதையும் தொடமாட்டார். இதைக் குணம் என்பதா வியாதி என்பதா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. அம்மா நாகம்மா வியாதிக் கட்சி. செம்பரம்பாக்கத்து ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் பச்சையப்பன் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். கூலி எவ்வளவு என்று கேட்காமல் காலையில் இறங்கவேண்டும். பொழுதுபோனபிறகு கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கழனியெல்லாம் மனையாகவும் கிடங்காகவும் மாறி, அவர் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் மூட்டை தூக்கப் போனபோது, முதல் நாளே முதலாளியிடம் கூலியைக் கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினாராம். அன்றிலிருந்து வாய் நிற்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலுக்கு எவ்வளவு, கோயிலுக்குப் போனால் அங்கே தொங்கும் மணிக்கு எவ்வளவு. எழிலரசியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர்கள் வந்த காரின் விலையைக் கேட்டுவிட்டார். சம்பந்தமே நின்றுபோயிருக்கும்; மாப்பிள்ளையின் அப்பாவும் விலை கேட்கும் பேர்வழி என்பதால் பிழைத்தது.

தெருவில் யார் எது வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிப் போவார்கள். வண்டி, பீரோ, கம்மல், கறவை மாடு எதுவானாலும் அவர் வேண்டும். கூலி ஒரு டீ. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்குக் கேழ்வரகு வாங்குவதும் அவர்தான். சாவுக்குச் சாமான் வாங்கவும் அவரைத்தான் அனுப்புவார்கள். அங்கே மட்டும் அவர் பேரம் பேசமாட்டார். ஆனால் விலை கேட்பார். "பேரந்தான் பேசக்கூடாது. வெல கேக்கணும். வெலயே கேக்காம வாங்கியாந்து போட்டா செத்தவன எவனோ தர்மத்துக்கு தூக்கினு போற மாதிரி ஆயிரும்" என்பார்.

எழிலரசிக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுலைமான் பாய் கடைக்குப் பை வாங்கக் கூட்டிப் போனார். நீலப் பை, முன்னால் இரண்டு ஜிப். அவள் கை தானாகப் போனது. அப்பா அந்தக் கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார்.

"வெல கேக்காம கைய வெக்காத. கைய வெச்சிட்டா உனுக்கு அது வோணும்னு அவருக்குத் தெரிஞ்சிரும்."

சுலைமான் பாய் விலை சொன்னார். அப்பா அதிகம் என்றோ அநியாயம் என்றோ சொல்லவில்லை. "சரி பாய்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வரும்போதே அவளிடம் சொல்லியிருந்தார்: அவர் நடந்தால் அவள் கூட வரக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பினால் விலை ஏறிவிடும். அப்படியே போனார். வெள்ளைச் சட்டை கூட்டத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. அவளுக்கு அழுகை முட்டியது. பை போனாலும் பரவாயில்லை, நைனா வந்தால் போதும் என்று இருந்தது. சுலைமான் பாய் தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"உங்கப்பா இப்டியே ஆவடி வரிக்கும் நடந்துருவாரும்மா. கூப்புடு."

"நைனா" என்று அவள் கத்தினாள்.

அப்பா எதுவும் தெரியாதவர் மாதிரி திரும்பி வந்தார். "இன்னா சொல்றாரு பாய்?" என்று பாயை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். விலை இறங்கியது. அவள் பையைத் தொட்டாள். பேருந்துக்கு நிற்கும்போது வறுத்த வேர்க்கடலை வாங்கி, அதற்கும் பேரம் பேசி, பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் எத்தனையோ கடைகள். அவர் நடப்பார், அவள் நிற்பாள், யாராவது "கூப்புடும்மா" என்பார்கள், அவள் கூப்பிடுவாள், விலை இறங்கும். தன்னிடம் இருந்த சக்திகளிலேயே அதுதான் பெரியது என்று அவள் வெகுநாள் நம்பியிருந்தாள். இன்றுவரை எந்தக் கடைக்குப் போனாலும் அவளுக்கு வேர்க்கடலை வாசனை ஞாபகம் வரும்.

அப்படிப்பட்டவரைத்தான் இந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். கால் வீக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். தனி அறை, ஏசி, ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை. அவளுடைய சின்ன வயதில் அவருக்கு முதுகுவலி என்று ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்றது அவளுக்கு நினைவிருந்தது. அம்பத்தூரில் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் அட்டையை நீட்டியதும் தனி அறை கிடைத்ததில் அவளுக்குப் பெருமை இருந்தது. அதைத் தப்பென்று யாரும் சொல்லமுடியாது. சம்பளத்தில் பெற்றோர் காப்பீடு என்று மாதாமாதம் ஒரு தொகை பிடிப்பார்கள். அது எவ்வளவு என்றுகூட அவள் பார்த்ததில்லை.

முதல் ஊசியோடு வந்த நர்ஸ் தேவிப்பிரியாவிடம் அவர் கையைக் கொடுக்கவில்லை.

"இது இன்னா வெலம்மா?"

"உங்களுக்கு எதுக்குத் தாத்தா அந்தக் கவல? இன்சூரன்ஸ் இருக்கே."

"இன்சூரன்சு கீது, சரி. ஊசிக்கு வெல இல்லியா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் வந்த பெரிய டாக்டரிடம் கேட்டார். "நீங்க நல்லாகணும் ஐயா, அதுதான் முக்கியம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். படுக்கை விரிப்பு மாற்ற வந்தவரையும் விடவில்லை. கடைசியில் மகளிடம் திரும்பினார்.

"பூனமல்லி மார்க்கெட்ல கருவேப்பில விக்கிறவளுக்குக் கூட வெல தெரியும். இங்க ஒருத்தனுக்கும் தெரியல. இது இன்னா கட எழிலு?"

"இது கட இல்ல நைனா, ஆஸ்பத்திரி. உனக்கு எல்லாம் ஃப்ரீ."

"ஓசியா குடுக்கறவன் வேற எதனா எடுத்துப்பான்."

அவள் சிரித்தாள். அன்று அது சிரிக்கிற பேச்சாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அவளைத்தான் பார்த்துச் சொல்வார். "இன்சூரன்ஸ் கவர் இருக்கு இல்லம்மா? எதுக்கும் அதையும் பாத்துடலாம்." எதுக்கும் என்ற அந்த வார்த்தைக்கு அவள் தலையாட்டினாள். தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றைப் பார்த்தார்கள். ராட்சச மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் பார்த்தார்கள். தலையில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பட்டினி போட்டார்கள். அவர் இளைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தாளிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம கூழு ஊத்துறாங்க" என்றார் ஒருநாள். "கேவுரு வாங்க நா போவாட்டி ஏமாத்திருவானுங்க. ஊட்டுக்குப் போலாம் எழிலு."

"காசா பணமா நைனா. இன்னும் ரெண்டு நாள் இருந்து முழுசாப் பாத்துகினு போலாம்."

அவர் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். சலைன் தொங்கிய கம்பியை ஒரு கையால் பிடித்து உருட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியோடு, "சரிம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நடைவழியில் இரண்டு பக்கமும் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேடம், கூப்பிடுங்க, விழுந்துடப்போறாரு" என்றாள் தேவிப்பிரியா.

"நைனா" என்று எழிலரசி கூப்பிட்டாள்.

அவர் நின்றார். திரும்பினார். மூச்சு வாங்க, கம்பியை உருட்டிக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார். அந்த முகத்தில் பழைய பூந்தமல்லிச் சிரிப்பு கொஞ்சம் இருந்தது.

"இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வா, வந்து படு."

அவர் வந்து படுத்தார். செருப்பை அவள்தான் கழற்றினாள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் விலை கேட்கவில்லை. ஊசி போட வந்தால் கையை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாமலே கூழ் ஊற்றினார்கள். புதன்கிழமை மூச்சுத் திணறல் வந்து ஐசியுவுக்கு மாற்றினார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கத்தான் விட்டார்கள்.

"மேடம்."

சரண் கூப்பிட்டான். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மாமா நாலு மணிக்கே நடப்பதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ரூவல் வந்துடுச்சு மேடம். முழுசா வந்திருக்கு. கிளவுஸ், டயபர் மாதிரி சில்லறை மட்டும் நீங்க கட்டணும்."

அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நல்ல சேதி சொல்கிற முகத்தோடு இருந்தான். அவள் கார்டை நீட்டினாள்.

"தம்பி, இப்பவாவது சொல்லுங்க. மொத்தம் எவ்ளோ?"

அவன் தயங்கி, திரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பினான். ஆறு லட்சத்து எண்பதாயிரம்.

அவள் அந்த எண்ணை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"கையில காசு கட்டுறவங்களுக்கும் இதே ரேட்டா?"

சரண் யாரும் கேட்கிறார்களா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. "அவங்களுக்குக் கம்மியா வரும் மேடம். அவங்க முதல் நாளே எஸ்டிமேட் கேப்பாங்க. ஒவ்வொரு டெஸ்டுக்கும் வந்து கேப்பாங்க, இது கண்டிப்பா எடுக்கணுமான்னு. வேணாம்னு சொன்னா டாக்டரே விட்டுடுவாரு. இன்சூரன்ஸ் பேஷன்ட் யாரும் கேக்க மாட்டாங்க."

"எங்க நைனா கேட்டாரு" என்றாள் எழிலரசி.

அவனுக்கு அது புரியவில்லை. ரசீதை அடித்துக் கொடுத்தான்.

ஆம்புலன்ஸில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் அவர் விலையைக் கேட்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இது எனக்கு வேண்டுமா என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்து பணம் போயிருந்தால் அவளும் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் தலைக்குள் பார்க்கவேண்டாம், தொண்டைக்குள் பார்க்கவேண்டாம், மாத்திரையைக் கொடுங்கள் என்று வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பாள். பழைய இருதயம். எப்படியும் போயிருப்பார். ஆனால் கூழ் குடித்துவிட்டுப் போயிருப்பார், கேழ்வரகுக்காரனோடு ஒரு கடைசிப் பேரம் பேசிவிட்டுப் போயிருப்பார். பணம் போகவில்லை என்பதால் எதுவும் போகவில்லை என்று அவள் இருந்துவிட்டாள். அவளுக்குத் தன்மீது வந்த கோபம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. திருமழிசையில் வாசலில் பந்தல் போட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தம்பி விஷ்ணு மாலையும் மூங்கிலும் பானையும் வாங்கிவந்திருந்தான். மாமா துணைக்கு ஒரு கோழிக்குஞ்சைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தார். தெருவே கூடியிருந்தது. இத்தனை வருஷமாக யார் செத்தாலும் இந்தச் சாமான்களை வாங்கிவந்தவர் நாற்காலியில் இருந்தார்.

"கோழி இன்னா வெல மாமா?" என்று எழிலரசி கேட்டாள்.

கஸ்தூரி அக்கா, பக்கத்து வீடு, அவள் தோளைத் தொட்டு, "சாவுக்கு வாங்கினதுக்குப் போயி வெல கேப்பாங்களாம்மா" என்றாள்.

"கேக்கட்டும் வுடு" என்றாள் நாகம்மா. அழுது அழுது குரல் போயிருந்தது. "அந்த மனுசன் கேப்பாரு. டேய் விஷ்ணு, மாலைக்கு எவ்ளோடா குடுத்த?"

விஷ்ணு விழித்தான். "தெரிலம்மா. ஜிபேல போட்டேன். அவன் சொன்னான், நா போட்டேன்."

நாகம்மா தலையில் கைவைத்தாள். வியாதிக் கட்சியில் இருந்தவள் அன்றுதான் கட்சி மாறினாள். மாமா கோழியின் விலையைச் சொன்னார். எழிலரசி அப்பா பக்கம் பார்த்துத் தலையாட்டினாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். எழிலரசியின் முறை வந்தது. மூன்று தரம் அரிசி போட்டாள். பிறகு நகராமல் குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ஆறு லட்சத்து எண்பதாயிரம், நைனா."

பக்கத்திலிருந்த கஸ்தூரிக்குக் கேட்டிருக்கவேண்டும். எழிலரசி ஒரு நிமிஷம் அப்படியே குனிந்திருந்தாள். சரி பாய் என்று அவர் சொல்லக்கூடும் என்பதற்காக இருக்கலாம். மாமா அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பறை அடித்தார்கள். தூக்கினார்கள். பெண்கள் தெருக்கோடி வரைதான் போகலாம். அங்கே எல்லாரும் நின்றுவிட்டார்கள். விஷ்ணு கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் யாரும் திரும்பவில்லை. பாடையின் மூங்கிலில் தொங்கிய கோழிதான் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பின்னால் பார்த்துக்கொண்டு போனது. அவருடைய வெள்ளை வேட்டி கூட்டத்துக்கு நடுவில் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"வாம்மா, தலைக்கு ஊத்திக்கணும்" என்றாள் கஸ்தூரி.

எழிலரசி நின்ற இடத்திலேயே நின்றாள். அப்படித்தான் அப்பா நிற்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். நைனா என்ற வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கூப்பிடவில்லை.

நெடுஞ்சாலையில் அவருக்கு வழிவிட்டு நின்றிருந்த பூந்தமல்லிப் பேருந்து, பாடை கடந்து போனதும், ஹாரன் அடிக்காமல் கிளம்பியது.